விண்டோஸின் அட்மின் அனுமதிப் பெட்டி: அணைக்காமல் அடக்கி வைப்பது எப்படி?

சென்னை எம்.சி. ரோடு துணிக்கடையின் பில்லிங் சிஸ்டம், தம்பு செட்டித் தெருவில் கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸில் டிஎஸ்சி (டிஜிட்டல் கையொப்பம்) டோக்கன் செருகிய சிஸ்டம், திருவொற்றியூரில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத் தரும் சென்டரின் சிஸ்டம். மூன்றிலும் வந்து நிற்பது ஒரே பெட்டிதான். திரை மங்குகிறது. இந்த ஆப் உங்கள் சிஸ்டத்தில் மாற்றம் செய்யலாமா என்று ஆங்கிலத்தில் ஒரு கேள்வி. கீழே ‘யெஸ்’, ‘நோ’. கவுன்ட்டரில் ஆள் நிற்கும் நேரத்தில் இது வந்தால் யாருக்கும் எரிச்சல் வரும். அதனால் சர்வீஸுக்கு வருபவர் முதல் வேலையாக பெட்டியைக் கட்டுப்படுத்தும் ஸ்லைடரைக் கடைசி வரை கீழே இழுத்துவிட்டுப் போகிறார். அன்றிலிருந்து பெட்டி வராது. பென்டிரைவில் தொற்றி வரும் வைரஸுக்கும் அன்றிலிருந்து யாரிடமும் கேட்க வேண்டிய அவசியம் இருக்காது.

பெட்டியை அணைக்கத் தேவையே இல்லை. எந்தப் புரோகிராம் கேட்கிறது, எதற்காகக் கேட்கிறது என்று பிடித்து அதை மட்டும் சரிசெய்துவிட்டால், ஒரு சாதாரணக் கடை சிஸ்டத்தில் வாரத்துக்கு ஒரு முறை பெட்டி வந்தாலே அதிகம். அதற்கான வழிதான் இது. விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். மெனு, ஃபைல் பெயர்களை இங்கே ஒலிப்புப்படி எழுதியிருக்கிறோம். சிஸ்டத்தில் அவற்றை ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்.

பெட்டி எங்கிருந்து வருகிறது

இதன் பெயர் யூசர் அக்கவுன்ட் கன்ட்ரோல், சுருக்கமாக யூஏசி. 2007 தொடக்கத்தில் பொதுச் சந்தைக்கு வந்த விஸ்டாவில் இது நுழைந்தது. அதற்கு முந்தைய எக்ஸ்பியில் அட்மின் அக்கவுன்ட்டில் உட்கார்ந்திருந்தால், நீங்கள் திறக்கும் ஒவ்வொரு புரோகிராமும் முழு அதிகாரத்தோடு ஓடும். பாட்டு கேட்கும் பிளேயருக்கும் விண்டோஸ் ஃபோல்டரை அழிக்கும் உரிமை இருந்தது.

யூஏசி வந்த பிறகு, அட்மின் அக்கவுன்ட்டில் லாகின் ஆகும்போது விண்டோஸ் இரண்டு டோக்கன்களை, அதாவது அனுமதிச் சீட்டுகளை, உருவாக்குகிறது. ஒன்று அதிகாரம் குறைக்கப்பட்டது, மற்றது முழுமையானது. அன்றாடம் ஓடுவது எல்லாம் குறைந்த டோக்கனில்தான். முதலாளியே கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தாலும் கல்லாச் சாவி இடுப்பில்தான் இருக்கும், திறக்கும்போது மட்டும் கைக்கு வரும். அதே கணக்குதான். நீங்கள் ‘யெஸ்’ அழுத்தும்போது அந்த ஒரு புரோகிராமுக்கு மட்டும் முழு டோக்கன் போகிறது. ஸ்டாண்டர்டு அக்கவுன்ட்டில் இருப்பவரிடம் சாவியே கிடையாது என்பதால், பெட்டி அட்மினின் பாஸ்வேர்டையோ பின் எண்ணையோ கேட்கும்.

திரை மங்குவதற்கும் காரணம் உண்டு. அந்த நேரத்தில் விண்டோஸ் வேறு ஒரு தனித் திரைக்கு மாறிவிடுகிறது. செக்யூர் டெஸ்க்டாப் என்று பெயர். உங்கள் டெஸ்க்டாப்பில் ஓடும் எந்தப் புரோகிராமும் அங்கே போய் தானாக ‘யெஸ்’ அழுத்த முடியாது.

விண்டோஸின் சொந்தப் பாகங்கள்: சில கேட்கும், சில கேட்காது

டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் கேட்பதில்லை, டிவைஸ் மேனேஜரும் அப்படியே. ஆனால் விண்டோஸின் உள் செட்டிங்குகளை மாற்றும் ரெஜிஸ்ட்ரி எடிட்டர் கேட்கிறது. கமாண்டு பிராம்ப்டை அட்மினாகத் திறந்தாலும் கேட்கிறது. இது கோளாறு இல்லை. மைக்ரோசாஃப்ட்டே கையொப்பமிட்டு, சிஸ்டம்32 போன்ற பாதுகாப்பான ஃபோல்டரில் வைத்து, ‘தானாக உயரலாம்’ என்று உள்ளேயே குறித்த பாகங்கள் சாதாரண செட்டிங்கில் கேட்காமல் உயரும். கமாண்டு பிராம்ப்டுக்கும் பவர்ஷெல்லுக்கும் அந்தச் சலுகை கிடையாது, ஏனென்றால் அவை யார் எந்தக் கட்டளையைக் கொடுத்தாலும் நிறைவேற்றும்.

டாஸ்க் மேனேஜரே உங்களிடம் கேட்கிறது என்றால் பெரும்பாலும் ஸ்லைடர் உச்சியில் இருக்கிறது.

‘யெஸ்’ அழுத்தும் முன் பத்து நொடி

முதலில் பெட்டியின் தலைப்பு நிறத்தைப் பாருங்கள். நீலம் என்றால் வெளியிட்டவரின் கையொப்பம் சரிபார்க்கப்பட்டது. மஞ்சள் என்றால் வெளியிட்டவர் யாரென்று தெரியாது, ‘அன்னோன்’ என்று இருக்கும். சிவப்பு என்றால் விண்டோஸ் தடுத்துவிட்டது. உள்ளூரில் ஒருவர் எழுதிக் கொடுத்த பில்லிங் மென்பொருள் மஞ்சளில் வருவது சகஜம், அதை மட்டும் வைத்துத் திருட்டு மென்பொருள் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பிரவுசர் அப்டேட் என்று சொல்லிக்கொண்டு மஞ்சளில் ஒன்று வந்தால் அது நிச்சயம் பிரவுசர் அப்டேட் இல்லை.

அடுத்து ‘ஷோ மோர் டீடெய்ல்ஸ்’. பலர் இதைத் தொடுவதே இல்லை, உண்மையான தகவல் இங்கேதான் இருக்கிறது. புரோகிராம் எந்த ஃபோல்டரில் இருந்து ஓடுகிறது என்று காட்டும். புரோகிராம் ஃபைல்ஸ் என்றால் இயல்பு. டவுன்லோட்ஸ் என்றால் நீங்கள் இப்போதுதான் இறக்கியதா என்று யோசியுங்கள். டெம்ப் (தற்காலிக) ஃபோல்டர் என்றால், நீங்களே ஓர் இன்ஸ்டாலரை ஓட்டிக்கொண்டிருந்தால் தவிர, ‘நோ’.

இங்கே ஒரு குழி இருக்கிறது. பெட்டியில் வெளியிட்டவர் ‘மைக்ரோசாஃப்ட் விண்டோஸ்’, நிறம் நீலம், பெயர் ‘விண்டோஸ் கமாண்டு பிராசஸர்’ அல்லது பவர்ஷெல் என்று வரும். பார்த்ததும் விண்டோஸே கேட்கிறது என்று நம்பி அழுத்திவிடுகிறோம். அந்தக் கையொப்பம் கமாண்டு பிராம்ப்ட் அசல் என்பதற்கு மட்டும்தான் உத்தரவாதம், அதற்குள் என்ன கட்டளை போகிறது என்பதற்கு இல்லை. டீடெய்ல்ஸைத் திறந்தால் ஃபைல் பெயருக்குப் பின்னால் கட்டளை முழுவதும் தெரியும். அங்கே ஒரு இணைய முகவரியோ, அர்த்தமில்லாத நீளமான எழுத்துக் குவியலோ, டெம்ப் ஃபோல்டரில் உள்ள ஃபைலோ இருந்தால் ‘நோ’ அழுத்திவிட்டு ஆன்டிவைரஸ் ஃபுல் ஸ்கேன் போடுங்கள்.

நீங்கள் எதையும் கிளிக் செய்யாதபோது பெட்டி வந்தால் தயங்காமல் ‘நோ’. நியாயமான அப்டேட் என்றால் திரும்பவும் கேட்கும். எதுவும் கெட்டுப்போகாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. இன்ஸ்டால் பாதியில் நின்றுவிட்டது, ஹேங் ஆகிவிட்டது என்று சொல்லி ரீஸ்டார்ட் செய்பவர்கள் டாஸ்க்பாரைப் பார்ப்பதில்லை. நீங்கள் வேறு விண்டோவில் வேலை செய்துகொண்டிருந்தால் பெட்டி நேராக மேலே வராது. டாஸ்க்பாரில் ஒரு கேடயம் மினுக்கிக்கொண்டு காத்திருக்கும். அதைக் கிளிக் செய்தால் வேலை தொடரும்.

ஸ்லைடரை எங்கே வைப்பது

ஸ்டார்ட்டில் ‘யூஏசி’ என்று தட்டினால் ‘சேஞ்ச் யூசர் அக்கவுன்ட் கன்ட்ரோல் செட்டிங்ஸ்’ வரும். நான்கு நிலைகள்:

1. உச்சி: எது கேட்டாலும், நீங்களே விண்டோஸ் செட்டிங்கை மாற்றினாலும் பெட்டி வரும்.
2. இரண்டாவது: புரோகிராம்கள் கேட்டால் மட்டும் வரும், நீங்களே விண்டோஸ் செட்டிங்கை மாற்றினால் வராது. திரை மங்கும். விண்டோஸோடு வரும் நிலை இதுதான்.
3. மூன்றாவது: அதேதான், திரை மங்காது.
4. அடி: எதுவும் கேட்காது.

கடைக்கும் வீட்டுக்கும் இரண்டாவது போதும். கண்டவர்களும் பென்டிரைவ் செருகும் பிரவுசிங் சென்டர், ஜெராக்ஸ் கடைகளில் உச்சிதான் சரி. மூன்றாவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. தனித்திரை போய்விட்டால், பெட்டி வந்தும் அதன் பாதுகாப்பில் பாதி போய்விடுகிறது.

ஹோம் எடிஷனில் லோக்கல் செக்யூரிட்டி பாலிசி என்ற செட்டிங் பகுதி கிடையாது, எனவே நுணுக்கமாகப் பார்க்க ரெஜிஸ்ட்ரிதான் வழி. ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரன்ட்வெர்ஷன், பாலிசீஸ், சிஸ்டம் என்று ஒவ்வொன்றாக இறங்குங்கள். அங்கே மூன்று மதிப்புகள் முக்கியம். பெயர்களில் இடைவெளி இருக்காது.

எனேபிள்எல்யூஏ: 1 இருக்க வேண்டும். 0 என்றால் யூஏசி அடியோடு செத்துவிட்டது. விண்டோஸ் 8 முதல், ஸ்லைடரை அடிக்கு இழுத்தால்கூட இது 0 ஆவதில்லை. யாரோ கைவைத்தால்தான் ஆகும். ஒரிஜினல் இல்லாத, மாற்றியமைத்த விண்டோஸ் போட்ட செகண்ட் ஹேண்ட் சிஸ்டம் வாங்கியிருந்தால் முதலில் இதைப் பாருங்கள். 1 ஆக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

கன்சென்ட்பிராம்ப்ட்பிஹேவியர்அட்மின்: இயல்பு 5. உச்சி என்றால் 2, அடி என்றால் 0. இதில் 1 வைத்தால் அட்மினிடமும் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்கும். முதலாளியின் அக்கவுன்ட்டை லாக் செய்யாமல் எழுந்து போகும் பழக்கம் இருக்கும் இடத்தில் இது நல்ல ஏற்பாடு.

பிராம்ப்ட்ஆன்செக்யூர்டெஸ்க்டாப்: 1 என்றால் திரை மங்கும், 0 என்றால் மங்காது.

எதையும் மாற்றும் முன் அந்த ‘சிஸ்டம்’ ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து ‘எக்ஸ்போர்ட்’ எடுத்து வையுங்கள்.

கவுன்ட்டர் சிஸ்டத்துக்கு ஸ்டாண்டர்டு அக்கவுன்ட்

பில் போடுபவர் அட்மினாக இருக்க ஒரு காரணமும் இல்லை. ஆனால் இதைச் செய்யும் வரிசை முக்கியம். வரிசை மாறினால் சிஸ்டத்துக்கே அட்மின் இல்லாமல் போய்விடும்.

1. செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், ‘அதர் யூசர்ஸ்’ போய்ப் புது அக்கவுன்ட் சேருங்கள். விண்டோஸ் 10-இல் இது ‘ஃபேமிலி அண்டு அதர் யூசர்ஸ்’ என்று இருக்கும்.
2. மெயில் ஐடி கேட்கும் இடத்தில், இவருடைய விவரம் என்னிடம் இல்லை என்ற வரியையும், அடுத்த பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் இல்லாமல் சேர்க்கும் வரியையும் தேர்ந்தெடுங்கள். பெயர், பாஸ்வேர்டு கொடுங்கள்.
3. அந்தப் புது அக்கவுன்ட்டின் ‘சேஞ்ச் அக்கவுன்ட் டைப்’பில் அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்குங்கள்.
4. சைன் அவுட் செய்து, புது அட்மினில் ஒரு முறை உள்ளே போய், ஏதாவது ஒன்றை அட்மினாகத் திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள்.
5. அதற்குப் பிறகே, புது அட்மினில் இருந்தபடி, அன்றாட அக்கவுன்ட்டை ஸ்டாண்டர்டு ஆக்குங்கள்.

பழைய அக்கவுன்ட்டை அழிக்காமல் அதையே இறக்குவதால் டெஸ்க்டாப், பிரவுசர் பாஸ்வேர்டுகள், பிரிண்டர் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

தினமும் கேட்கும் பில்லிங் சாஃப்ட்வேர்

எரிச்சலின் பெரும்பகுதி இங்கிருந்துதான். பழைய பில்லிங், ஸ்டாக் மென்பொருள்கள் டேட்டாவைப் புரோகிராம் ஃபைல்ஸுக்குள், தாங்கள் இருக்கும் ஃபோல்டரிலேயே எழுதும். அங்கே எழுத சாதாரண டோக்கனுக்கு உரிமை இல்லை. எனவே போட்டுக் கொடுத்தவர் ‘ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ டிக் போட்டுவிடுகிறார். அதோடு தினசரி பெட்டி ஆரம்பம்.

தீர்வு, எழுதும் உரிமையை டேட்டா ஃபோல்டருக்கு மட்டும் கொடுப்பது:

1. சாஃப்ட்வேரை மூடி, முழு ஃபோல்டரையும் வேறு டிரைவில் காப்பி எடுங்கள்.
2. டேட்டா இடத்தை மாற்றும் வசதி சாஃப்ட்வேரிலேயே இருந்தால், சி டிரைவின் வேரில் தனி ஃபோல்டர் வைத்து அங்கே மாற்றுங்கள். இதுவே மேல்.
3. வசதி இல்லையென்றால், புரோகிராம் ஃபைல்ஸுக்குள் உள்ள டேட்டா சப்ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, எடிட். ‘யூசர்ஸ்’ என்ற குழுவைத் தேர்ந்து ‘மாடிஃபை’க்கு அனுமதி டிக் போடுங்கள். முழு ஃபோல்டருக்கும் கொடுக்காதீர்கள். புரோகிராம் ஃபைலையே யார் வேண்டுமானாலும் மாற்றி வைக்கும் நிலை வந்துவிடும்.
4. ஷார்ட்கட்டிலும் மூலப் புரோகிராம் ஃபைலிலும் பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி போய் அட்மின் டிக்கை எடுங்கள். ‘சேஞ்ச் செட்டிங்ஸ் ஃபார் ஆல் யூசர்ஸ்’ உள்ளேயும் ஒரு டிக் இருக்கும். பலர் கோட்டைவிடுவது அதைத்தான்.

டிக்கை எடுத்த மறுநாள், ‘நேத்து போட்ட பில்லைக் காணோம்’ என்று போன் வரலாம். பில் எங்கும் போகவில்லை. பழைய 32-பிட் புரோகிராம் அட்மின் இல்லாமல் புரோகிராம் ஃபைல்ஸில் எழுதப் பார்த்தால், விண்டோஸ் தடுப்பதற்குப் பதில் அந்த எழுத்தை யூசரின் சொந்த இடத்துக்குத் திருப்பி விடுகிறது. ஆப்டேட்டா, லோக்கல், அதற்குள் வர்ச்சுவல்ஸ்டோர் என்ற ஃபோல்டர். அட்மினாகத் திறந்தால் ஒரு டேட்டா, சாதாரணமாகத் திறந்தால் இன்னொரு டேட்டா. காலை ஷிஃப்ட்காரர் ஒரு அக்கவுன்ட், மாலை ஷிஃப்ட்காரர் இன்னொன்று என்றால் ஒரே சிஸ்டத்தில் மூன்று கணக்கு ஓடும். ஸ்டாக் டேலி ஆகாததற்குக் கடைப் பையனைத் திட்டும் முன் இதைப் பாருங்கள்.

சரிசெய்ய: சாஃப்ட்வேரை மூடுங்கள். எல்லா வர்ச்சுவல்ஸ்டோர் காப்பிகளையும் அசலையும் தனித்தனியாக பேக்கப் எடுங்கள். தேதியும் கடைசி பில் எண்ணும் வைத்து எது புதியது என்று முடிவு செய்து அதை அசல் இடத்தில் வையுங்கள். இரண்டிலும் தனித்தனி பில்கள் இருந்தால், விடுபட்டதைக் கையால்தான் ஏற்ற வேண்டும். பிறகு வர்ச்சுவல்ஸ்டோரில் உள்ள ஃபோல்டரின் பெயரை மாற்றிவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் வேலை வீண், ஏனென்றால் திருப்பி விடப்பட்ட புரோகிராம் படிக்கும்போதும் முதலில் வர்ச்சுவல்ஸ்டோரைத்தான் பார்க்கும்.

உண்மையிலேயே அட்மின் வேண்டும் புரோகிராம்

ஹார்டுவேரோடு நேரடியாகப் பேசும் சில யூட்டிலிட்டிகளுக்கு அட்மின் இல்லாமல் ஆகாது. ஒரே புரோகிராம், தினமும் பலமுறை, நம்பகமானது என்றால் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு டாஸ்க் உருவாக்குங்கள். ‘ஜெனரல்’ பகுதியில் ‘ரன் வித் ஹையஸ்ட் பிரிவிலெஜஸ்’ டிக், ‘ஆக்‌ஷன்ஸ்’ பகுதியில் புரோகிராம் ஃபைல். லாகின் ஆனதும் தானே ஓட வேண்டுமென்றால் ‘டிரிகர்ஸ்’ பகுதியில் ‘அட் லாக் ஆன்’. ஸ்டார்ட்டப் ஃபோல்டரில் போட்ட அட்மின் புரோகிராம் காலையில் சத்தமில்லாமல் ஓடாமல் போவதற்கும் இதுவே மருந்து. லாகின் நேரத்தில் அட்மின் கேட்பவற்றை விண்டோஸ் அங்கிருந்து தொடங்குவதில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். அந்தப் புரோகிராம் ஃபைல் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் இருக்க வேண்டும். டெஸ்க்டாப்பில் இருந்தால் அதே பெயரில் ஒரு வைரஸ் ஃபைலை வைத்தாலும் கேட்காமல் முழு அதிகாரத்தில் ஓடும். அடுத்தது, ‘ஹையஸ்ட்’ என்பது அந்த யூசருக்கு இருக்கும் அதிகபட்சம்தான். ஸ்டாண்டர்டு அக்கவுன்ட்டில் இந்த வழி ஒன்றும் கூட்டித் தராது.

அட்மினாகத் திறந்ததால் வரும் வினோதங்கள்

தமிழ் டைப் ஆகவில்லை: பின்னணியில் ஓடி எழுத்தை மாற்றும் தட்டச்சு மென்பொருள் சாதாரண நிலையில் ஓடும். டிடிபி சாஃப்ட்வேரை அட்மினாகத் திறந்தால், கீழ்நிலைப் புரோகிராம் மேல்நிலை விண்டோவுக்குள் எழுத்தைச் செலுத்த விண்டோஸ் விடாது. டிடிபி சாஃப்ட்வேரின் அட்மின் டிக்கை எடுங்கள். ஃபோட்டோவை ஃபோல்டரிலிருந்து இழுத்துப் போட முடியவில்லை என்ற புகாருக்கும் காரணம் இதுவே.

நெட்வொர்க் டிரைவ் காணவில்லை: கடையில் உள்ள மெயின் சிஸ்டத்தை இசட் டிரைவ் என்று மேப் செய்திருப்பீர்கள். அட்மினாகத் திறந்த புரோகிராமில் அது தெரியாது, காரணம் மேப்பிங் இன்னொரு டோக்கனில் இருக்கிறது. டிரைவ் எழுத்துக்குப் பதில் மெயின் சிஸ்டத்தின் பெயரோடு முழு நெட்வொர்க் பாதையைக் கொடுங்கள். முடியாவிட்டால் மேலே சொன்ன அதே ரெஜிஸ்ட்ரி இடத்தில் எனேபிள்லிங்க்டுகனெக்‌ஷன்ஸ் என்ற 32-பிட் டிவேர்டு மதிப்பை உருவாக்கி 1 வைத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ரிமோட்டில் திரை கறுப்பாகிறது: சர்வீஸ்காரர் எனிடெஸ்க் போன்ற ரிமோட் சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்யாமல் இறக்கி அப்படியே ஓட்டச் சொல்லியிருப்பார். பெட்டி வந்ததும் அவருக்குத் திரை நின்றுவிடும். உடனே, ‘அண்ணே, அந்த மங்குற ஆப்ஷனை எடுத்துடுங்க’ என்பார். எடுக்க வேண்டாம். ‘தம்பி, நானே பாத்து அழுத்துறேன், என்ன பேர்ல வரணும்னு சொல்லு’ என்று கேளுங்கள். பெயரும் வெளியிட்டவரும் அவர் சொன்னபடி இருந்தால் ‘யெஸ்’. அடிக்கடி தேவைப்படும் ஆள் என்றால் ரிமோட் சாஃப்ட்வேரை முறைப்படி இன்ஸ்டால் செய்யுங்கள். சர்வீஸாக ஓடும்போது தனித்திரையும் அவருக்குத் தெரியும்.

‘யெஸ்’ பொத்தானே இல்லை

பெட்டியில் ‘நோ’ மட்டும் இருக்கிறது, பாஸ்வேர்டு கேட்கும் இடமும் இல்லை. இருந்த ஒரே அட்மினை ஸ்டாண்டர்டு ஆக்கிவிட்டால் இப்படி ஆகும். விண்டோஸை மாற்றிப் போடச் சொல்வார்கள். பெரும்பாலும் தேவைப்படாது.

1. முதலில் டேட்டாவைப் பென்டிரைவில் எடுங்கள். டிரைவ் பிட்லாக்கரில் (விண்டோஸின் டிரைவ் பூட்டு) பூட்டப்பட்டிருந்தால் ரெக்கவரி கீ கையில் இருக்க வேண்டும்.
2. ஷிஃப்ட்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். வரும் பட்டியலில் 4 அழுத்தினால் சேஃப் மோட்.
3. வேறு அட்மின் எதுவும் இல்லாத, கம்பெனி டொமைனில் சேராத சிஸ்டத்தில், விண்டோஸோடு பிறந்த ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ அக்கவுன்ட் முடக்கப்பட்டிருந்தாலும் சேஃப் மோடில் உள்ளே விடும். யாரும் மாற்றியிருக்காவிட்டால் பாஸ்வேர்டு காலி.
4. கன்ட்ரோல் பேனலின் யூசர் அக்கவுன்ட்ஸில் உங்கள் அக்கவுன்ட்டைத் திரும்ப அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்குங்கள்.
5. சாதாரணமாக ரீஸ்டார்ட் செய்து, ஒன்றை அட்மினாகத் திறந்து ‘யெஸ்’ வந்துவிட்டதா என்று பாருங்கள். இடையில் அந்தப் பிறவி அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுன்ட்டை இயக்கி வைத்திருந்தால் உடனே முடக்குங்கள். அது எதற்கும் பெட்டி காட்டாமல் முழு அதிகாரத்தில் ஓடும், பாஸ்வேர்டும் காலியாக இருக்கும்.